டெல்லியில் ஒரு நாள்: சித்திரவதையும் தண்டனையும் நடந்த இடங்களைப் பார்க்கும் வழி

‘சித்திரவதை அருங்காட்சியகம்’ என்று பலகை மாட்டிய கட்டடம் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் உண்டு, டெல்லியில் கிடையாது. ஆனால் இங்கே விசாரணை நடந்த மண்டபம், தூக்கு மாட்டிய முற்றம், தலைகளைக் காட்சிக்கு வைத்ததாகச் சொல்லும் கோபுரம் எல்லாம் அந்தந்த இடத்திலேயே நிற்கின்றன. ஹௌஸ் காஸில் இருக்கும் ஒன்றைத் தவிர மற்றவை செங்கோட்டையை ஒட்டிய பகுதியிலேயே இருப்பதால், காலையில் கிளம்பினால் மாலைக்குள் பார்த்துவிடலாம். முள் நாற்காலியும் இரும்புக் கூண்டும் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். இங்கே பார்க்க வேண்டியது யார் உத்தரவிட்டார், எந்த அதிகாரத்தில் உத்தரவிட்டார் என்பதைத்தான்.

எந்த நாள், எந்த வழி

திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. இதைக் கவனிக்காமல் போய் வாசலில் நின்று திரும்புகிறவர்கள் ஏராளம். ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கான ஏற்பாடுகளுக்காக அதற்கு முன்பும் சில நாட்கள் மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் திட்டம் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே நேரம் கரைந்துவிடும். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள், அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில், என்று வைத்துக்கொள்ளுங்கள். மே, ஜூனில் கோட்டைக்குள் நடப்பதே ஒரு தண்டனை.

ஆர்.கே.புரத்திலிருந்து வருகிறவர்கள் மெஜந்தா லைனில் ஹௌஸ் காஸ் போய், மஞ்சள் லைனுக்கு மாறி சாந்தினி சௌக்கில் இறங்கலாம். கரோல் பாக்கிலிருந்து என்றால் ராஜீவ் சௌக்கில் மாற வேண்டும். மயூர் விஹார்காரர்களுக்கு மண்டி ஹவுஸில் வயலட் லைனுக்கு மாறி லால் கிலா ஸ்டேஷனில் இறங்குவது வசதி. காரை எடுக்க வேண்டாம். சாந்தினி சௌக் பிரதான சாலையில் காலை 9 மணிமுதல் இரவு 9 மணிவரை மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நடை அல்லது சைக்கிள் ரிக்‌ஷாதான்.

கையில் ஒரு சிறிய பைதான் இருக்க வேண்டும். பெரிய பை கொண்டுபோனால் ஒவ்வொரு வாசலிலும் தடை. தண்ணீர், தலையை மூட ஒரு கைக்குட்டை அல்லது துப்பட்டா, சுலபமாகக் கழற்றும் செருப்பு, இவை போதும். பீடி, சிகரெட், புகையிலை எதுவும் பையில் இருக்கக் கூடாது. முதலில் போகும் இடமே குருத்வாரா.

சீஸ் கஞ்சும் பழைய கோத்வாலியும்

1675 நவம்பரில் ஔரங்கசீப்பின் ஆணைப்படி சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்ட இடத்தில் நிற்பது சீஸ் கஞ்ச் குருத்வாரா. எந்த மரத்தடியில் வெட்டப்பட்டாரோ, அதன் அடிமரம் என்று போற்றப்படும் துண்டை உள்ளே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். செருப்பை ஒப்படைத்துவிட்டு, காலைக் கழுவி, தலையை மூடிக்கொண்டு உள்ளே போங்கள். வழிபாடு நடக்கும் இடத்தில் போட்டோ எடுக்காதீர்கள். பசித்தால் லங்கரில் சாப்பிடலாம், காசு கிடையாது. வாங்கியதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும்.

எதிரே பவ்வாரா சந்திப்பில் பாய் மதிதாஸ் பெயரில் ஓர் ஓவிய அருங்காட்சியகம் இருக்கிறது. டெல்லியில் சித்திரவதையை நேரடியாகக் காட்டும் காட்சிக்கூடம் என்றால் இதுதான். குருவின் கண் முன்னே, அவருடைய சீடர்கள் மூவரில் மதிதாஸ் மரச்சட்டத்துக்கு இடையில் கட்டப்பட்டு ரம்பத்தால் இரண்டாக அறுக்கப்பட்டதாகவும், தயாளா கொதிக்கும் கொப்பரையில் இடப்பட்டதாகவும், சதிதாஸ் பஞ்சு சுற்றி எரிக்கப்பட்டதாகவும் சீக்கிய மரபு சொல்கிறது. அவற்றைப் பெரிய வண்ண ஓவியங்களாகப் பார்க்கிறீர்கள். இவை பிற்காலத்தில் வரையப்பட்டவை. நேரில் கண்டவர் தீட்டியவை அல்ல. ஒரு சமூகம் தன் தியாகிகளை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. அப்படிப் பார்த்தால்தான் அவற்றின் கனம் தெரியும். ரம்பத்தின் பல்லில் கண்ணை வைக்காமல், ஓவியத்தில் யார் யாரெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று பாருங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. குருத்வாராவை ஒட்டித்தான் முகலாயர் காலக் கோத்வாலி, அதாவது நகரத்தின் தலைமைக் காவல் நிலையம், இருந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர் அதே கோத்வாலிக்கு முன்னால் தூக்குமரம் நாட்டினார்கள். பல்லப்கட் அரசர் நாஹர் சிங் 1858 ஜனவரி 9 அன்று சாந்தினி சௌக்கில்தான் தூக்கிலிடப்பட்டார். ஆட்சி மாறியது, தண்டனைக்களம் மாறவில்லை. சந்தை கூடும் இடத்தில் தண்டனை கொடுத்தால்தான் சேதி ஊரெல்லாம் பரவும் என்பது இரண்டு அரசுகளுக்கும் தெரிந்திருந்தது.

செங்கோட்டை: முதலில் பாரக், பிறகு பளிங்கு

லாகூர் வாசல் வழியே நுழைவு. கோட்டைக்கு மட்டும் ஒரு டிக்கெட், அருங்காட்சியகங்களையும் சேர்த்து ஒரு டிக்கெட் என்று இரண்டு வகை உண்டு. சேர்த்தே வாங்குங்கள், உள்ளே போன பிறகு திரும்பி வந்து வாங்குவது அலைச்சல்.

சத்தா சௌக் கடைகளைத் தாண்டியதும் எல்லோரும் நேராக திவான்-இ-ஆமுக்கு, அதாவது அரசரின் பொது தர்பார் மண்டபத்துக்குப் போவார்கள். நீங்கள் இடப்பக்கம் திரும்புங்கள். அங்கே உயரமாக, வளைவுத் தாழ்வாரங்களோடு நிற்கும் கட்டடங்கள் முகலாயருடையவை அல்ல. 1857-க்குப் பிறகு அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துவிட்டு ஆங்கிலேயர் கட்டிய ராணுவ பாரக்குகள். தோற்ற அரசனின் வீட்டை இடித்து அதன்மேல் சிப்பாய்களைக் குடிவைத்ததும் ஒரு தண்டனைதான். அந்த பாரக்குகளில்தான் 2019 ஜனவரி 23 முதல் 1857 பற்றிய காட்சி, ஜாலியன்வாலா பாக் பற்றிய ‘யாத்-எ-ஜாலியன்’, நேதாஜியும் அவருடைய இந்திய தேசிய ராணுவமும் (ஐ.என்.ஏ.) பற்றிய அருங்காட்சியகம் ஆகியவை இயங்குகின்றன.

மூன்றையும் ஒரே வேகத்தில் பார்க்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. 1857 கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, யாத்-எ-ஜாலியனுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று ஆங்கிலேய ராணுவ அதிகாரி டயர் உத்தரவில் 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டதும், இறந்தவர்கள் 379 பேர் என்று அரசு கணக்குக் காட்டியதும் பலருக்குத் தெரியும். அடுத்த வாரம் நடந்தது அவ்வளவாகத் தெரியாது. ஆங்கிலேய மிஷனரிப் பெண் ஒருவர் தாக்கப்பட்ட அமிர்தசரஸ் சந்தில், போகும் இந்தியர்கள் எல்லோரும் வயிறு தரையில் உரச ஊர்ந்துதான் போக வேண்டும் என்று டயர் ஆணையிட்டார். அந்தச் சந்தில் வீடு இருந்தவர்களுக்கும் அதே கதி. கசையடி கொடுக்க, ஆளைக் கட்டிவைக்கும் சட்டகம் ஒன்றும் அங்கேயே நாட்டப்பட்டது. இதற்குக் கருவி என்று என்ன தேவைப்பட்டது? ஒரு காகித ஆணை, துப்பாக்கியோடு நின்ற சில சிப்பாய்கள், தெருப்புழுதி. கசையடி இந்தியச் சட்டத்தில் தண்டனையாக நீடித்து, 1955-ல்தான் ஒழிக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆவணம் ஒன்றைப் படித்துவிட்டு இந்த அறைகளுக்கு வருவது மிகவும் உதவும். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-ல் அறிக்கை தந்தது. அதில் அடிக்கடி வரும் இரண்டு பெயர்கள் கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது இரண்டு குச்சிகள், ஒரு முனையில் சேர்த்துக் கட்டியவை. நடுவில் விரல்களை வைத்து, மறுமுனைகளை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் நெருக்குவார்கள். கட்டிய முனைக்கு அருகே விரல் இருக்க, பிடிக்கும் முனை தள்ளி இருப்பதால், சேவகன் கொஞ்சம் அழுத்தினாலே எலும்பு நொறுங்கும் அளவுக்கு அழுத்தம் ஏறும். அண்ணாந்தாளுக்கு அதுகூட வேண்டாம். அவனவன் துணியையோ வைக்கோல் கயிற்றையோ கழுத்திலும் கால் விரலுக்கடியிலும் மாட்டி, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்திவிடுவார்கள். வரி கட்டும்வரை.

காட்சிக்கூடங்களில் ஏன் கருவிகள் குறைவு என்பதற்குக் காரணம் இதுதான். குச்சியும் கயிறும் வெயிலும் மிஞ்சுவதில்லை. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கூட்டத்தை இழுக்கும் ‘இரும்புக் கன்னி’, அதாவது உட்பக்கம் முள் வைத்த ஆள் உயரப் பெட்டி, இடைக்காலத்தில் புழக்கத்தில் இருந்ததற்கு ஆதாரமே இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளம்பிய கதைக்கு 19-ஆம் நூற்றாண்டில் உருவம் செய்துவிட்டார்கள். எந்த நாட்டில் எந்தக் கூடத்துக்குப் போனாலும் பலகையில் முதலில் தேட வேண்டியது இது: அசலா, நகலா, எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தது. இவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பொருளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆணை, மனு, தீர்ப்பு, பத்திரிகைச் செய்தி இருந்தால் நின்று படியுங்கள்.

ஐ.என்.ஏ. கூடம் தமிழர்கள் ஒருபோதும் தவறவிடக் கூடாதது. மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய நம்மவர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்‌ஷ் சிங் தில்லான் என்ற அந்தப் படையின் அதிகாரிகள் மூவர்மீதும் 1945 நவம்பர் 5 முதல் இந்தக் கோட்டைக்குள் ராணுவ நீதிமன்றம் விசாரணை நடத்தியது. அவர்களுக்காக பூலாபாய் தேசாய் வாதாடினார். ஆயுள்காலம் நாடு கடத்தல் என்று தீர்ப்பு வந்தும், நாடே கொதித்ததால் 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் பிறகு திவான்-இ-காஸுக்குப் போங்கள். 1858 ஜனவரி 27 முதல் மார்ச் 9 வரை கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜஃபரை, அவர் தர்பார் நடத்திய அந்த மண்டபத்திலேயே குற்றவாளியாக உட்காரவைத்து விசாரித்தார்கள். ரங்கூனுக்கு அனுப்பப்பட்டு 1862-ல் அங்கேயே இறந்தார். வழிகாட்டிகள் மயிலாசனத்தைப் பற்றி விரிவாகச் சொல்வார்கள். விசாரணையைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கோட்டையை ஒட்டிய சலீம்கட்டிலும் ஐ.என்.ஏ. வீரர்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஔரங்கசீப் தன் மகள் ஜெபுன்னிசாவைச் சிறை வைத்ததும் அங்கேதான். அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

டெல்லி கேட் பக்கம்

லால் கிலாவிலிருந்து வயலட் லைனில் இரண்டாவது ஸ்டேஷன் டெல்லி கேட். பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில், பெரோஸ் ஷா கோட்லாவுக்கு எதிரே நிற்பது கூனி தர்வாஸா, அதாவது ரத்த வாசல். 1857 செப்டம்பர் 22 அன்று, சரணடைந்திருந்த மூன்று முகலாய இளவரசர்களை ஆங்கிலேய மேஜர் ஹாட்சன் எந்த விசாரணையும் இல்லாமல் இங்கே சுட்டார். சடலங்களைக் கோத்வாலி முன் போட்டு வைத்தார்கள். காலையில் நீங்கள் நின்ற அதே இடம். வாசலுக்குள் ஏற முடியாது, வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். சாலை வேகமானது, சிக்னலில் மட்டும் கடந்து போங்கள். கூரையிலிருந்து ரத்தம் சொட்டும் என்ற பேய்க் கதைகளைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று பேரைச் சுட்டவன் பெயரும் தேதியும் நமக்குத் தெரியும்போது பேய் எதற்கு?

பக்கத்து மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி வளாகம், சிறை 1958-ல் திஹாருக்கு மாறும்வரை டெல்லி மத்தியச் சிறையாக இருந்தது. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு மீது 1912-ல் குண்டு வீசிய வழக்கில் மாஸ்டர் அமீர் சந்த், அவத் பிஹாரி, பாய் பால்முகுந்த் மூவரும் 1915 மே 8 அன்று இங்கே தூக்கிலிடப்பட்டார்கள். நினைவிடம் உள்ளே இருக்கிறது. மருத்துவமனை வளாகம் என்பதால் வாசல் காவலரிடம் சொல்லி அனுமதி வாங்கிப் போங்கள். கூட்டமாகவோ கேமராவைத் தூக்கிக்கொண்டோ போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

குழந்தைகளோடு போனால்

பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு மதிதாஸ் ஓவியங்கள் வேண்டாம். கோட்டையும் ஐ.என்.ஏ. கூடமும் போதும். பெரிய பிள்ளைகளிடம் முந்தின நாளே என்ன பார்க்கப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். “இப்பவும் போலீஸ் அடிக்குமா?” என்று கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே சொன்னது. 2023-ல் வந்த சாட்சியச் சட்டத்தில் அது 23-ஆம் பிரிவு. வாக்குமூலத்துக்காகத் துன்புறுத்துவது 1860 முதலே குற்றம். அன்றைய தண்டனைச் சட்டத்தின் 330-ஆம் பிரிவு, வரி பாக்கிக்காக ஒருவரைத் துன்புறுத்தும் வருவாய் அதிகாரியை உதாரணமாகவே காட்டியது. இவ்வளவு இருந்தும் 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டும் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

திரும்பும் வழியில் சோர் மினார்

தெற்கு டெல்லிக்குத் திரும்புகிறவர்கள் வெளிச்சம் இருந்தால் இதையும் பார்க்கலாம். ஹௌஸ் காஸ் மெட்ரோவில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ஹௌஸ் காஸ் என்கிளேவ் என்று அழுத்திச் சொல்லுங்கள்; வெறும் ஹௌஸ் காஸ் என்றால் ஏரிக்கரை வில்லேஜில் கொண்டுபோய் விட்டுவிடுவார். குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் குட்டைக் கோபுரம் இது, கில்ஜிகள் காலத்தது. சுவரைச் சுற்றி 225 வட்டத் துளைகள். வெட்டிய தலைகளை ஈட்டியில் செருகி இவற்றில் வைத்ததாகச் சொல்வார்கள். ‘சோர்’ என்றால் திருடன்; திருடர்களின் தலைகள் என்பது பெயரில் நிலைத்த கதை. பிடிபட்ட மங்கோலியர்களின் தலைகள் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. கட்டணம் இல்லை, ஒரு சுற்று சுற்றிப் பார்க்க கால் மணி நேரம் போதும். சுற்றிலும் வீடுகள் என்பதால் சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.