வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா, இப்போதே எழுதி வைப்பது எப்படி

எங்கள் பெரியப்பா குடியாத்தத்தில் தறி ஓட்டியவர். 74 வயதில் மூளையில் ரத்தக்கசிவு வந்து விழுந்தவருக்கு அப்புறம் நினைவு திரும்பவே இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 19 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். ஐந்தாம் நாளே டாக்டர் இனி நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார், ஆனால் கருவியை எடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கும் மனசு வரவில்லை, போட்டால் அப்பனை முடித்தவன் என்ற பேர் சாகும்வரை நிற்குமே என்ற பயம். மனையை விற்றுப் பில் கட்டினார்கள். பெரிய அண்ணனும் சின்ன அண்ணனும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. பெரியப்பாவுக்கு என்ன விருப்பம் என்று யாருக்கும் தெரியாது, நல்லா இருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை.

எழுத உட்காரும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கருணைக்கொலை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ உயிரை முடிப்பதை நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002லும் கனடா 2016லும் நிபந்தனைகளோடு சட்டமாக்கின. இந்தியாவில் அது குற்றம். தென் மாவட்டங்களில் கேள்விப்படும் தலைக்கூத்தலும், அதாவது படுத்த பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி உயிரை முடிப்பதும், கொலைதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நாம் எழுதப்போவது வேறு: குணமாக வழியில்லாத நோயில், நினைவும் போன பிறகு, உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் பத்திரம், ஆங்கிலத்தில் லிவிங் வில் என்பார்கள். தாக்கப்பட்டுப் பல வருஷம் நினைவில்லாமல் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக்கின் வழக்கில் 2011ல் உச்ச நீதிமன்றம் இதற்குக் கதவைத் திறந்தது. 2018 மார்ச் 9ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமைக்குள் வரும் என்று சொல்லி இந்தப் பத்திரத்தை ஏற்றது. அப்போது வைத்த நடைமுறை ரொம்பச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிமையாக்கினார்கள்.

முதல் வேலை பேசுவது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பேசாதீர்கள். யாராவது ஒருவர் சாவுக்குப் போய்விட்டு வந்து, தலைக்குக் குளித்து, காபி குடிக்கும் நேரம் நல்ல நேரம், அன்றைக்குப் பெரியவர்களே "நல்ல சாவு", "பாவம், இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு" என்று ஆரம்பிப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள், உனக்கு இப்படி ஆனால் என்னம்மா பண்ணணும்? நினைவில்லாமல் கிடந்தால் வென்டிலேட்டர் வைக்கலாமா, நெஞ்சு நின்றால் அழுத்தி எழுப்பலாமா, டயாலிசிஸ் செய்யலாமா, கடைசி மூச்சு வீட்டில் போகணுமா? என் அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னது: "இன்னா ஆனாலும் என் மூக்குல மட்டும் கொழா வுடாதடா."

மூக்கு வழியாக உணவு ஊற்றும் அந்தக் குழாய்தான் நம் வீடுகளில் மிகக் கஷ்டமான இடம். வென்டிலேட்டரை நிறுத்த ஒத்துக்கொள்பவர்கூட, சோறு தண்ணி இல்லாமல் பட்டினி போட்டு அனுப்புவதா என்று கேட்கும்போது உடைந்துபோவார். எனக்கும் அந்தக் கேள்வி பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. சாவு நெருங்கும்போது உடம்பு தானாகவே பசியை விடுகிறது, சாப்பிடாததால் அவர் சாகவில்லை, செத்துக்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை என்பதைப் புரிந்துகொண்டபோது கொஞ்சம் தெளிந்தேன். ஆனால் நினைவில்லாமல் வருஷக்கணக்கில் கிடப்பவருக்குக் குழாய் உணவை நிறுத்துவது இத்தனை சுலபமான கேள்வி இல்லை, அதனால் இதைத் தனி வரியாகக் கேட்டுத் தனி வரியாகவே எழுதுங்கள். இன்னொன்று, உயிர் பிரியாமல் இழுத்தால் மண்ணாசை என்று மண் கரைத்த தண்ணீரும், காசு கழுவிய பாலும் ஊற்றுவார்களே, விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும். பஞ்சை நனைத்து உதட்டில் வையுங்கள், போதும்.

"உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாது" என்று பெரியவர் சொன்னால் அன்றைக்கு எதையும் எழுத வேண்டாம். அது அவருடைய விருப்பமா, நம் முகத்தைப் பார்த்து வந்த வார்த்தையா என்று பாருங்கள். வலிக்குப் பயமா, செலவுக்குப் பயமா? வலி என்றால் வழி இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் வலித்தணிப்புச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டுக்கே வந்து பார்ப்பது சேர்த்தி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதுபவர் வலி மருந்தையும் கவனிப்பையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்திரத்திலேயே அந்த வரி இருக்கட்டும்: வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பத்திரம். எழுதுபவர் 18 வயது நிரம்பி, தெளிந்த மனதோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று பட்டவர்த்தனமாக இருக்கணும், "கஷ்டப்படுத்தாதீங்க" என்று மட்டும் எழுதினால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. விளைவுகள் தெரிந்தே எழுதுகிறேன், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வேன் என்பதையும் சேருங்கள். தனக்காகப் பேச யார் என்று பெயர் போட வேண்டும், ஒருவருக்கு மேலும் போடலாம். மூத்த பிள்ளை என்பதற்காகப் போடாதீர்கள், அந்த நேரத்தில் அழுதுகொண்டே ஆனாலும் நம் பேச்சைக் காப்பாற்றுகிறவரைப் போடுங்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, சொத்தில் பங்கில்லாதவர்கள் என்றால் நல்லது. அப்புறம் நோட்டரியிடமோ கெஜடெட் அதிகாரியிடமோ சான்றொப்பம். முன்பு மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டியிருந்தது, இப்போது தேவையில்லை. நாங்கள் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனோம், உயில் என்று நினைத்துச் சொத்து விவரம் கேட்டார், விளக்கிச் சொன்னதும் முழுசாகப் படித்துவிட்டு அம்மாவிடம் தனியாக நாலு கேள்வி கேட்டார். அப்படிக் கேட்கிற நோட்டரிதான் வேண்டும்.

நகல்களைப் பெயர் போட்டவர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுங்கள். மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து எதுவோ அங்கேயும் ஒன்று கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு உங்கள் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் வந்தால், சிகிச்சை தரும் டாக்டரும் ஐந்து வருஷமாவது அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த குழு பார்க்கும், கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் இருக்கும் இரண்டாவது குழு அதைச் சரிபார்க்கும். நீங்கள் பெயர் போட்டவரின் சம்மதம் வேண்டும். நிறுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுக்கும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். பத்திரமே இல்லாவிட்டாலும் குடும்பத்தின் சம்மதத்தோடு இந்தக் குழுக்கள் முடிவெடுக்கலாம், எங்கள் பெரியப்பா வீட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மனசு மாறினால் பழைய தாளில் அடித்துத் திருத்தாதீர்கள், சாட்சி, நோட்டரி எல்லாம் மறுபடியும் வேண்டும். அம்மா போன தை மாசம் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள், கடைசி நேரத்தில் பெரியண்ணனையும் சின்னண்ணனையும் கூப்பிட்டு ஒன்றாக நிற்க வைக்கணும் என்று. அது சிகிச்சை இல்லையே அம்மா என்றேன். எழுதுடா என்றாள். எழுதி மறுபடி சத்துவாச்சாரி போய் வந்தோம்.