‘தீவிரவாதி’யைக் கழற்றிவிட்டு ராடிக்கலையும் லிபரலையும் பிரித்துப் பார்ப்பது எப்படி

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற மருமகள் ஒருநாள் பின்னேரம் கொப்பியோடு வந்து, “மாமா, ராடிக்கல் எண்டால் தீவிரவாதி, லிபரல் எண்டால் மிதவாதி, சரிதானே?” என்று கேட்டாள். சரியில்லை. ஆனால் பிழை அவளுடையதும் இல்லை, தமிழில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதிப் பழகிவிட்டோம். அன்றைக்கு விறாந்தையில் இருந்து அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போடுகிறேன், வேறு பிள்ளைகளுக்கும் உதவும்.

முதல் வேலை, தீவிரவாதி என்ற சொல்லைத் தூக்கி வேலிக்கு வெளியே போடுவது. வன்னியில் இருக்கிற எங்களுக்கு அந்தச் சொல்லை எங்கே கேட்டோம், யார் வாயால் கேட்டோம் என்று விளக்கத் தேவையில்லை. அது துவக்கையும் சோதனைச்சாவடியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். ராடிக்கல் என்ற சொல்லுக்குள் துவக்கு இல்லை, வேர்தான் இருக்கிறது. இலத்தீனில் ராடிக்ஸ் என்றால் வேர். முள்ளங்கிக்கு ஆங்கிலத்தில் உள்ள ராடிஷ் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். வயலில் கோரை பிடுங்கியவருக்கு இது சட்டென்று பிடிபடும்: மேலே அரிந்துவிட்டால் கொஞ்ச நாளில் திரும்பவும் நிமிர்ந்து நிற்கும், கிழங்கோடு கிண்டி எடுக்க வேண்டும். ஒரு பிரச்சினையைப் பார்த்து “இதின்ரை கிழங்கு எங்கே கிடக்கு?” என்று கேட்கிறவர் ராடிக்கல். அதைச் சத்தம் போட்டும் கேட்கலாம், வெற்றிலை போட்டபடி மெதுவாகவும் கேட்கலாம்.

லிபரல் வேறு கணக்கு. லிபர் என்றால் சுதந்திரமான. அரசியலில் ஒரு அணிக்குப் பெயராக அது ஒட்டிக்கொண்டது ஸ்பெயினில், 1810இல் காடிஸ் நகரில் கூடிய சபையில்; மன்னருடைய அதிகாரத்துக்கு அரசியலமைப்பால் கடிவாளம் போடக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர். எங்கள் பாடநூலில் தாராண்மைவாதம், இந்தியப் புத்தகங்களில் தாராளவாதம். தாராளமாகச் செலவழிக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தனிமனித உரிமை, எல்லோருக்கும் ஒரே சட்டம், வாக்கு, பேச்சுச் சுதந்திரம், தலையாட்டாத நீதிமன்றம், இவைதான் அவருடைய சாமான்கள். மிதவாதி என்பது வேகத்தைச் சொல்லும் சொல், கொள்கையை அல்ல.

அடுத்தது, ஆளை விட்டுவிட்டு ஒரு விஷயத்தை எடுங்கள். நான் எடுத்தது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரம் தந்து கொடுத்த காணி. உருத்திரபுரம், முரசுமோட்டைப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்த வீடுகளில் அந்தப் பழைய பெர்மிட் கடதாசி இரும்புப் பெட்டிக்குள்ளோ சாமிப்படத்துக்குப் பின்னாலோ இருக்கும், மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒட்டுப் போட்டு. அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. நினைத்தபடி விற்க முடியாது. பின்னுரித்தாளரை, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதைப் பதியாமல் அப்பா கண்ணை மூடிவிட்டால் காணி யாருக்குப் போகும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்லும், அதில் முந்தி மகனுக்குப் பிறகுதான் மகள். மூத்த பொம்பிளைப்பிள்ளை தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்திருந்தாலும் வரிசை வரிசைதான். 2022இல் திருத்தம் வந்து மகனையும் மகளையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். இது சுத்தமான லிபரல் திருத்தம்: சட்டத்தில் ஒரு பாகுபாடு இருந்தது, அதை எடுத்தாயிற்று. இன்னொரு லிபரல் வந்து, பெர்மிட்டே வேண்டாம், முழு உரித்துள்ள உறுதிப் பத்திரத்தைக் கொடுங்கள், விற்கிறதும் வைத்திருக்கிறதும் அவரவர் இஷ்டம் என்பார். அதுவும் லிபரல்தான், சந்தைப் பக்கம் சாய்ந்தவர்.

ராடிக்கல் கேட்கிறது இரண்டையும் தாண்டிப் போகும். மகனும் மகளும் சமம், நல்லது. தகப்பனுக்குப் பெர்மிட்டே கிடைக்காத பிள்ளை யாருக்குச் சமம்? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறின சனத்தில் எத்தனையோ பேருக்கு வயல் இல்லை, மற்றவர் வயலில் நாட்கூலி. அவர்களுக்கு இந்தத் திருத்தத்தால் ஒரு பரப்பும் கூடவில்லை. காணி யாருக்குப் பகிரப்பட்டது, யார் பகிர்ந்தது, உழுகிறவருக்கும் உரித்துக்காரருக்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம் என்று அவர் போய்க்கொண்டே இருப்பார். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர், வயலென்றால் 25 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது அந்தப் பக்கத்துச் சிந்தனை.

இதைச் சொன்னதும் மருமகள், “அப்ப லிபரல் அரைகுறையோ?” என்றாள். அப்படியும் இல்லை. பெர்மிட் வீட்டு மகளுக்கு அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் நடுத்தெரு. எனக்கு ராடிக்கல் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, மறைக்கவில்லை, ஆனால் கிழங்கு தேடுகிறேன் என்று வரம்பையே வெட்டிவிட்ட ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் ஒன்றையொன்று எப்படி உரசும் என்று பார்க்க யாழ்ப்பாணத்துச் சாதிப் பிரச்சினையை எடுக்கலாம். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலிலோ கடையிலோ சாதி சொல்லி ஒருவரைத் தடுப்பது குற்றம். கடதாசியில் எல்லாம் சரி. தேநீர்க்கடையில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று தனியாக வைத்த போத்தலும் பேணியும் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் ஊர்வலம் தொடங்கி, பொலிஸ் அடித்து, பிறகு கடைப் பிரவேசம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல் என்று போனபோதுதான் சட்டத்துக்கு உயிர் வந்தது. முன்னால் நின்றவர்கள் இடதுசாரிகள், ராடிக்கல்கள். ஆனால் அவர்கள் கையில் பிடித்துக் காட்டியது லிபரல் சட்டம்! இந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள், குழம்பட்டும்.

அப்புறம் ஆண்டைக் கேளுங்கள். ஆண்டு இல்லாமல் பட்டம் ஒட்டினால் பிழைத்துவிடும். 1838இல் பிரித்தானியச் சாசன இயக்கத்தார் 21 வயது ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, இரகசிய வாக்கெடுப்பு, எம்பிக்குச் சம்பளம் என்று ஆறு கோரிக்கை வைத்தார்கள். அன்றைக்கு அது படு ராடிக்கல், இன்றைக்கு அதில் ஐந்து சாதாரண நடைமுறை, வருடாவருடம் பாராளுமன்றத் தேர்தல் மட்டும் வரவில்லை. (பெண்களை அவர்களும் மறந்துபோனார்கள், அது இருக்கட்டும்.) இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது, தமிழ்த் தலைவர் சேர் பொன். இராமநாதன் அதை எதிர்த்தவர். அதே 1931 தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது, காரணம் நேரெதிர்: முழுச் சுயராச்சியம் இல்லை, இது போதாது. வாக்குரிமையைத் தந்தது ஒரே அரசியலமைப்பு, ஒருவருக்குக் கூடிப்போயிற்று, மற்றவருக்குக் காணாது.

நாட்டையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் லிபரல் என்றால் இடப்பக்கம். அவுஸ்திரேலியாவில் லிபரல் கட்சி வலப்பக்கம், அங்கே இருக்கிற சித்தப்பாவோடு போனில் கதைக்கும்போது கவனம். ஜப்பானில் லிபரல் ஜனநாயகக் கட்சி பழமைவாதக் கட்சி. பிரான்சில் 1901இல் தொடங்கின ராடிக்கல் கட்சி கொஞ்சக் காலத்திலேயே நடுவில் வந்து சம்மணமிட்டு இருந்துவிட்டது.

கடைசியாக, யார் சொல்லுகிறார் என்று பாருங்கள். தன்னைத் தானே ராடிக்கல் என்கிறவரும், மற்றவரை அப்படி அழைக்கிறவரும் ஒரே பொருளில் சொல்வதில்லை. எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒருமுறை வாய்க்கால் காசுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், அவ்வளவுதான், பின்வரிசையில் ஒரு அண்ணை “இவர் தீவிரமான ஆள்” என்றார். கணக்குக் கேட்பது லிபரல் வேலை, அண்ணைக்கு அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

பரீட்சையில் ராடிக்கலுக்கு என்ன எழுதுவது என்றுதானே கேட்பீர்கள்? பாடநூலில் ஒரு சொல் கொடுத்திருந்தால் அதை எழுதுங்கள், மார்க் முக்கியம். இல்லையென்றால் ‘அடிமுதல் மாற்றம் கோருபவர்’ என்று நீட்டி எழுதுங்கள். வேர் என்று நினைத்து ‘அடிப்படைவாதி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அவர் வேறு ஆள்.