பகல் 21 என்று நம்பி பேஸ்மன்றில் விறைத்த கதை

சின் நம்பர் (வேலைக்கு வேண்டிய அரசாங்க எண்), வங்கிக் கணக்கு, ஓஹிப் அட்டை (ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதி) எல்லாம் யாராவது கூட்டிக்கொண்டு போய்ச் செய்து தருவார்கள். வந்த முதல் கிழமையே ஓடி முடித்துவிடுங்கள். செப்டெம்பர் கடைசியில் ரொறன்ரோவில் இறங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒருவரும் சொல்லாத விஷயம் வேறு. ஃபோனில் வெதர் பார்க்கும்போது பெரிதாகத் தெரியும் பகல் இலக்கத்தை விடுங்கள், பக்கத்தில் சின்னதாக இருக்கும் இரவு இலக்கத்தைப் பாருங்கள்.

இந்த நாட்களில் உயர் காற்றழுத்தம் ஒன்று வந்து மேலே குந்திவிட்டால் நாலைந்து நாளுக்கு மழையும் இல்லை, முகிலும் இல்லை. பகலில் 20, 21 பாகை. ரீசேர்ட்டோடு உலாவலாம். முகில் போர்வை இல்லாததால் இரவில் நிலத்துச் சூடெல்லாம் மேலே போய்விடும், விடியப்புறம் 6, 7 என்று நிற்கும். ஊரில் மார்கழியில்கூட நாங்கள் இப்படி ஒரு இறக்கத்தைக் கண்டதில்லை. ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை, ஒன்ராறியோ ஏரி கோடைச் சூட்டை இன்னும் வைத்திருக்கும். வடக்கே மார்க்கம், ஸ்டூவில் போகப் போகக் குளிர் கூடும்.

நான் வந்த வருடம் அப்படி ஒரு கிழமைதான். ஸ்காபரோவில் ஊர்க்காரர் ஒருவரின் பேஸ்மன்றில் (வீட்டின் நிலக்கீழ்த் தளம்) அறை, குசினி மேலே அவர்களோடு. வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்ராற்றும் மேலேதான், வெயில் விழும் ஹோலில். "தம்பி, வெளியில இருபத்தொண்டு அடிக்குது, இப்பவே ஃபேர்னஸ் போட்டா சனம் சிரிக்கும்" என்றார், சாறத்தோடு நின்றுகொண்டு. (ஃபேர்னஸ் என்றால் வீடு முழுவதையும் சூடாக்கும் இயந்திரம்.) கீழே எனக்கு இரண்டு சொக்ஸ்.

மூன்றாம் நாள் விடிய, அம்மா தந்துவிட்ட தேங்காய் எண்ணெய் போத்தல் வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. சாட்சி கிடைத்த சந்தோசத்தில் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். அவர் தன்னுடைய போத்தலை எடுத்துக் காட்டினார். அதுவும் கட்டி. 24 பாகைக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கிவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. பத்து டொலருக்கு ஒரு வெப்பமானி வாங்குங்கள், எண்ணெயோடு வழக்காடப் போகாதீர்கள்.

வழக்குக்குப் பதிலாக நான் ஒரு ஹீற்றர் வாங்கினேன். 1500 வாட். கேத்தலைப் போட்டால் பிரேக்கர் விழும், இருட்டில் தடவித் தடவி மேலே போய்ச் சொல்ல வேண்டும். மாத முடிவில் ஹைட்ரோ பில் வந்தது (இங்கே கரண்டுக்கு அதுதான் பெயர்), 90 டொலரை என் தலையில் கட்டினார். அந்த நேரம் அது எனக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசுக்கு மேல்.

பிறகுதான் விசாரித்தேன். ஒன்ராறியோ மாகாண வாடகைச் சட்டப்படி செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும். நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி அளக்க வேண்டும். வெளியில் வெயில் எறிக்கிறது என்ற கதை அங்கே எடுபடாது. ஆனால் என்னைக் கவிழ்த்தது அதற்குள் இருந்த மற்றது: வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொண்டால் அந்த வாடகைச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. மாதம் ஐம்பது டொலர் மலிவு என்று நான் சந்தோசப்பட்டுத் தலையாட்டியது அந்தக் குசினிக்குத்தான்.

ஆகவே அறை பார்க்கப் போனால் தேர்மோஸ்ராற் எங்கே, ஃபேர்னஸ் எப்போது போடுவீர்கள், ஹைட்ரோ வாடகைக்குள்ளா வெளியிலா என்று வாய் திறந்து கேளுங்கள். ஊர்க்காரர் என்று கூச்சப்பட வேண்டாம், பதிலை வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். தனிக் குசினி, தனிக் குளியலறை இருந்தும் சூடு தராவிட்டால் ரொறன்ரோவில் 311க்கு (மாநகரசபையின் தொலைபேசி எண்) அடிக்கலாம். விடிய ஆறு மணி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஜக்கெற்றைக் கையில் எடுங்கள், மத்தியானம் அது பாரம்தான், பரவாயில்லை.

எங்கள் வீட்டில் ஃபேர்னஸ் ஒக்ரோபரில்தான் ஓடியது. அன்றைக்குத்தான் அவருடைய மாமியார் கொழும்பிலிருந்து வந்து இறங்கியிருந்தா.