பிப் இல்லாமல் மாரத்தானில் ஓடலாமா? நல்ல ஓட்டக்காரர்களும் செய்யும் தவறுகள்

"ரோடு எல்லாருக்கும் பொதுதானே? நான் ஓரமாக ஓடிவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?"

ஓட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகவே இருப்பார். பதிவு முடிந்துபோயிருக்கும், அல்லது கட்டணம் கட்டுப்படியாகியிருக்காது. மாதக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு அன்று காலை வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் வராது. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. பதிவு செய்தவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டைதான் பிப். அது இல்லாமல், பதிவு செய்யாமல் ஓடுகிறவர்களை ஆங்கிலத்தில் 'பேண்டிட்' என்பார்கள், அதாவது கொள்ளைக்காரர். அது கொஞ்சம் கடுமையான பெயர். நம்முடைய 'ஓசி ஓட்டம்' என்ற சொல்லே போதும். ஆனால் ஓசியில் ஓடுவது தவறுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ரோடு பொது, ஏற்பாடு பொது இல்லை

முதல் தவறு, ரோட்டையும் பந்தயத்தையும் ஒன்றாக நினைப்பது. மற்ற நாட்களில் அதே ரோட்டில் நீங்கள் ஓடினால் யாரும் தடுக்கப்போவதில்லை. பந்தய நாளில் அங்கே வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. சந்திப்புகளில் போலீஸ் நிற்கிறது, ஆம்புலன்ஸ் தயாராக இருக்கிறது. தற்காலிகக் கழிப்பறைகள், தண்ணீர் மேசைகள், காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். இவை அத்தனையும் ஓர் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. ரோட்டின் அகலத்துக்கு எத்தனை பேர் தாங்கும், எத்தனை அலைகளாகப் பிரித்து அனுப்பலாம், எத்தனை மருத்துவர்கள் வேண்டும் என்று பார்த்துத்தான் பதிவை ஓர் இடத்தில் நிறுத்துகிறார்கள்.

உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதே வழியில், மறுநாள் காலை, வண்டிகளுக்கு நடுவே 42.195 கிலோமீட்டர் ஓடுவீர்களா? மாட்டீர்கள் என்றால் நீங்கள் ரோட்டைத் தேடி வரவில்லை, மற்றவர்கள் காசில் நடக்கும் ஏற்பாட்டைத் தேடி வந்திருக்கிறீர்கள்.

"ஒரு டம்ளர் தண்ணீர்தானே"

ஒரு மாரத்தானில் 35ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசையில் நின்றிருக்கிறேன். பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பந்தயங்களில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மேசை வைப்பது வழக்கம். காகிதக் கப்புகளை எண்ணித்தான் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. வேகமாக வருகிறவர்கள் ஒரு கப்பை எடுத்துத் தலையில் கொட்டுவார்கள், இன்னொன்றைக் குடிப்பார்கள். நெஞ்சில் எண் இல்லாதவர்களும் கை நீட்டினார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை, அந்த இடத்தில் அப்படிச் சொல்ல வாய் வராது.

வெயில் ஏறியபோது கப்புகள் தீர்ந்துவிட்டன. அதற்கப்புறம்தான் மெதுவாக ஓடுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பெண்மணி, அறுபதை நெருங்கியவர், உதடு வெடித்து உப்புப் பூத்த முகத்தோடு வந்தார். டிரம்மைச் சாய்த்து அடியில் கிடந்த தண்ணீரை அவருடைய இரண்டு உள்ளங்கைகளில் ஊற்றினோம். பாதி விரலிடுக்கில் ஒழுகிப்போனது. அவர் நெஞ்சில் எண் இருந்தது. அவர் காசு கட்டியிருந்தார்.

ஓசியில் ஓடியவர்களால் மட்டும்தான் அப்படி ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்பாட்டாளர்களின் கணக்கிலும் பிசகு இருந்திருக்கலாம். ஆனால் தட்டுப்பாடு என்று வந்தால் அது எப்போதும் கடைசியில் வருகிறவர் தலையில்தான் விடிகிறது. முன்னால் ஓடுகிறவருக்கு அது கண்ணில்கூடப் படாது. ஓசி ஓட்டக்காரர் யாரிடம் எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டால், என் பதில் அந்தப் பெண்மணிதான்.

"நான் தண்ணீரைத் தொடவே மாட்டேன், கையில் பாட்டில் இருக்கிறது" என்பவர்களும் உண்டு. சரி, மயங்கி விழுந்தால்? உங்களிடம் எண் இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும், வரத்தான் வேண்டும். அந்த இருபது நிமிடம் அது வேறு யாருக்கும் கிடைக்காது.

நண்பரின் பிப்பை மாட்டிக்கொள்வது

இதைத்தான் பலரும் தவறு என்றே நினைப்பதில்லை. "காசு கட்டியாகிவிட்டது, அவனுக்குக் கால் வலி, பிப் வீணாகப் போவானேன்?" நானும் இப்படித்தான் நினைத்தேன். என்னைவிட இருபது வயது மூத்த நண்பர் ஒருவரின் பிப்பை மாட்டிக்கொண்டு ஓர் அரை மாரத்தான் ஓடினேன். நல்லபடியாக ஓடி முடித்து வீட்டுக்கும் வந்துவிட்டேன். மாலையில் முடிவுகள் வந்தபோது ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் நண்பரின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் சிறிய சிப்புக்கு ஓடுவது யார் என்று தெரியாது. பாதையில் விரித்திருக்கும் பாயைத் தாண்டும்போது அந்த எண்ணுக்குரிய நேரம் பதிவாகிறது, அவ்வளவுதான். உண்மையில் மூன்றாவதாக வந்தவர் நான்காவது என்று காட்டப்பட்டார். நாங்கள் இருவரும் அன்றிரவே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதி அந்த நேரத்தை நீக்கச் சொன்னோம். பட்டியல் சரியானது. ஆனால் பரிசு மேடை காலையிலேயே முடிந்திருந்தது. பல வருடப் பயிற்சிக்குப் பிறகு அந்த மனிதர் மேடையில் நிற்க வேண்டிய ஒரு நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி இல்லை.

இதைவிட மோசமானதும் நடக்கலாம். உங்கள் பிப்பைத் திருப்பிப் பாருங்கள். பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதப் பல பந்தயங்களில் அங்கே இடம் விட்டிருப்பார்கள். நினைவில்லாமல் கிடக்கும் ஒருவரைப் பற்றி மருத்துவக் குழுவுக்குக் கிடைக்கும் முதல் தகவல் அதுதான். நண்பரின் பிப்பில் நீங்கள் விழுந்தால், உங்கள் உடம்பில் அவருடைய ஒவ்வாமையைத் தேடுவார்கள். அவர் மனைவிக்குப் போன் போகும். அவரோ காலில் கட்டோடு சமையலறையில் நின்றுகொண்டிருப்பார். உங்கள் வீட்டுக்குச் சொல்ல யாருக்கும் தெரியாது.

பிப்பை மாற்றிக்கொடுக்க முறையான வழி வைத்திருக்கும் பந்தயங்கள் உண்டு. குறிப்பிட்ட தேதிக்குள் பெயரை மாற்றிக்கொள்ளலாம், அல்லது அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம். அப்படி வழி இல்லாத பந்தயத்தில் அந்தக் காசு போனதுதான். மனது கஷ்டப்படும், ஆனாலும் பிப்பைக் கொடுக்காதீர்கள்.

இன்னொருவர் இணையத்தில் போட்ட பிப் படத்தைப் பார்த்து அதே எண்ணை அச்சடித்து மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மோசடி. பிப்பைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் எண்ணை மறைத்துவிடுங்கள்.

நடுவில் சேர்ந்து நண்பருக்குத் துணை ஓடுவது

"கடைசிப் பத்துக் கிலோமீட்டர் மட்டும் கூட ஓடி இழுத்துக்கொண்டு வருகிறேன்" என்பது அன்பினால் செய்யும் தவறு. போட்டியில் இல்லாத ஒருவர் கூடவே ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பதை உலகத் தடகள அமைப்பின் விதிகள் அனுமதிக்காத உதவியாகவே பார்க்கின்றன. உங்கள் அன்பால் நண்பர் தகுதி இழக்க நேரலாம். வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கத்துங்கள், நடைபாதையில் முன்னால் போய் இன்னோர் இடத்திலும் நில்லுங்கள். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரைத் தாண்டியவருக்குத் தெரிந்த குரல் ஒன்று காதில் விழுந்தாலே பெரிய பலம்.

பாபி கிப்பைச் சாட்சிக்கு அழைப்பது

வாதம் முற்றினால் யாராவது பாஸ்டனை இழுப்பார்கள். 1966இல் பாபி கிப் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தபோது, பெண்களின் உடல் அவ்வளவு தூரத்தைத் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள். அவர் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் புதரில் மறைந்திருந்து, ஆண்கள் கிளம்பியதும் உள்ளே புகுந்து, 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். பெண்களுக்கு அங்கே அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது 1972இல்தான். கிப்பின் வெற்றியைப் பந்தய ஏற்பாட்டாளர்கள் ஏற்றுக்கொள்ள 1996 ஆனது.

அவரை நான் தலைவணங்கி நினைக்கிறேன். அதனால்தான் இந்த ஒப்பீடு எனக்கு வலிக்கிறது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்குக் கதவைச் சாத்தினார்கள். நமக்குக் கதவு திறந்துதான் இருந்தது, கடைசி தேதியைத்தான் தவறவிட்டோம். குலுக்கலில் பெயர் வராததும் தகுதி நேரம் எட்டாததும் ஏமாற்றம்தான், அநீதி இல்லை.

அடுத்த வருடம், 1967இல், எண் 261உடன் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது தகவல் பிழை. கே. வி. ஸ்விட்சர் என்று அவர் பதிவு செய்துதான் ஓடினார். அப்படியிருந்தும் ஓர் அதிகாரி ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார்.

அதே பாஸ்டனில் பல வருடங்கள் ஓசி ஓட்டக்காரர்களைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். 2013 ஏப்ரலில் முடிவுக் கோட்டருகே குண்டு வெடித்த பிறகு நிலைமை மாறியது, 2014 முதல் கண்டிப்பு வந்தது. பாதையில் இருப்பவர் யார் என்று தெரிந்திருப்பது பாதுகாப்பு விஷயம் என்பதை எல்லோரும் உணர்ந்த நேரம் அது.

முடிவுக் கோட்டைத் தாண்டுவது

மற்றவை எல்லாவற்றையும் மன்னிக்கிறவர்கள்கூட இதை மன்னிக்க மாட்டார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் ஒரு மாணவர் கடைசி நேரத்தில் பாதையில் நுழைந்து, ஃபிராங்க் ஷார்ட்டருக்கு முன்னால் ஸ்டேடியத்துக்குள் ஓடி வந்தார். கூட்டம் அவரை வெற்றியாளர் என்று நினைத்துக் கைதட்டியது. உண்மை தெரிந்ததும் கூச்சல் போட்டது. தங்கம் வெல்ல வந்த ஷார்ட்டர் உள்ளே நுழைந்தபோது கேட்டது அந்தக் கூச்சலைத்தான். வேடிக்கைக்காகச் செய்தது, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் நிமிடத்தைக் கெடுத்துவிட்டது. சாதாரணப் பந்தயத்தில் நீங்கள் வாங்கும் ஒரு மெடலும் எண்ணி வைத்ததுதான். கடைசியில் வருகிறவருக்கு "தபாலில் அனுப்புகிறோம்" என்று சொல்ல வேண்டி வரும்.

பதிவு செய்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிப் இல்லாத ஒருவரைக் கண்டதும் பிடித்துத் தள்ளுவது, படம் எடுத்து இணையத்தில் போட்டு அவமானப்படுத்துவது இரண்டும் தவறு. தள்ளினால் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து விழுவார்கள். படத்தில் இருப்பவரின் பிப் வழியில் கிழிந்து விழுந்திருக்கலாம். பக்கத்தில் நிற்கும் வாலண்டியரிடம் சொல்லிவிட்டு உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்.

கட்டணம்தான் தடை என்றால் வாலண்டியராகப் போங்கள். அதற்கு ஈடாக அடுத்த முறை ஓட இடம் தரும் பந்தயங்கள் இருக்கின்றன. பார்க்ரன் போன்ற இலவச ஓட்டங்களும் இருக்கின்றன. 2004இல் லண்டனில் ஒரு பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது அது, இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. அங்கேயும் ஒருமுறை பெயரைப் பதியச் சொல்வார்கள், காசு மட்டும் இல்லை.

இதைப் படிக்கும் முன்பே பிப் இல்லாமல் ஓட முடிவு செய்து, பாதி வழியில் மனம் மாறினால், வேலி தொடங்குவதற்கு முன்பே நடைபாதைக்கு ஏறிவிடுங்கள். கடைசிச் சில நூறு மீட்டருக்கு வெளியேற வழி இருக்காது. ஆனால் தலை சுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ இதில் எதையும் யோசிக்க வேண்டாம். நேராக மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். நெஞ்சில் இருப்பது வேறொருவரின் பிப் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் சொந்தப் பெயரையும் வீட்டுப் போன் எண்ணையும் சொல்லுங்கள்.