கெப் வண்டியின் பின்தொட்டிக்கு எந்த லைனர்? வாங்க முன் இதைச் செய்யுங்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் மாமாவின் டபுள் கெப்பிலிருந்து பழைய பிளாஸ்டிக் லைனரை, அதாவது பின்தொட்டியின் உள்பக்கத்தை மூடுகிற காப்பு உறையை, கழற்றினோம். வருடக்கணக்காக யாரும் தூக்கிப் பார்க்காத லைனர். அடியில் ஒரு விரல் தடிப்புக்கு ஈர மணல், சீமெந்துத் தூளோடு சேர்ந்து கட்டியாகிக் கிடந்தது. ஸ்குரூ அடித்த இடங்களைச் சுற்றிக் கறள் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. தொட்டியைக் காப்பாற்றப் போட்ட சாமான் இத்தனை நாளும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இன்றைக்கும் புதிய கெப்பின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இருக்கிற தொட்டியைக் கறள் தின்ன விடக்கூடாது என்பதற்காகத்தான் முதல் தடவை லைனர் வாங்குகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, கடைக்குப் போவதல்ல. கடந்த இரண்டு மாதத்தில் என்னென்ன ஏற்றினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதுங்கள். கம்பி, கல், மணலா? பேலியகொட மீன் சந்தையிலிருந்து ஐஸ் உருகி வடிகிற பெட்டிகளா? அல்லது பிரிட்ஜ், மேசை மாதிரி கீறல் படக்கூடாத சாமான்களா? இதற்குப் பதில் தெரியாமல் விலை விசாரித்துப் பிரயோசனமில்லை.

இரண்டாவது, தொட்டியைக் காலியாக்கி ஹோஸ் பிடித்து வடிவாகக் கழுவுங்கள். காய்ந்த பிறகு மூலைகள், சக்கர மேடு, பின் கதவின் விளிம்பு எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கொழும்பில் கடல் பக்கம் நிற்கிற வண்டி என்றால் உப்புக் காற்றே பாதி வேலையைச் செய்திருக்கும். கறள் கண்டால் அரத்தாள் போட்டு உரசி, பிரைமரும் பெயின்டும் அடித்த பிறகுதான் லைனர். கறளை மூடிவிட்டால் நின்றுவிடாது, உள்ளே தொடர்ந்து பரவும். தண்ணீர் வடிகிற ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்றும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி வகைகள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் லைனர் தொட்டியின் வடிவத்திலேயே வரும், அப்படியே இறக்கிப் பொருத்தலாம், கல்லோ கம்பியோ விழுந்தாலும் அடியைத் தாங்கும், கழற்றி அதே மொடல் வேறு வண்டிக்குக்கூட மாற்றலாம். ஆனால் ஓடும்போது அது அதிரும், அடியில் மணல் புகுந்தால் அரத்தாள் மாதிரிப் பெயின்டைத் தேய்க்கும், மேலே வைத்த சாமானும் வழுக்கும். இதைத்தான் வாங்குவதென்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தூக்கிக் கழுவ உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்க முன் ஒரு தடவை கட்டாயம்.

ஸ்பிரே லைனர் என்பது பொலியூரித்தேன் அல்லது பொலியூரியா பூச்சு. தகரத்தோடு ஒட்டிவிடுவதால் ஒழுங்காக அடித்தால் இடையில் தண்ணீர் நிற்க இடமே இருக்காது. மீன், மரக்கறி ஏற்றுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கழுவுவது சுலபம். ஆனால் எல்லாம் அடிக்கிறவரின் கையில் இருக்கிறது. பழைய பெயின்டின் மினுக்கம் போகும்வரை உரசினாரா, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அவசரமாக அடித்தால் சில மாதத்தில் தோல் மாதிரி உரியும். அவர் அடித்த பழைய வண்டி ஒன்றைக் காட்டச் சொல்லி, விளிம்பில் நகத்தை விட்டு நெம்பிப் பாருங்கள். அடித்த பூச்சைத் திரும்ப எடுப்பது பெரிய பாடு, அதையும் நினைவில் வையுங்கள்.

றப்பர் மெட் மலிவு, சாமான் வழுக்காது, ஆனால் பக்கச் சுவரைக் காக்காது. வீட்டுச் சாமான் மட்டும் ஏற்றுகிறவருக்கு அதுவே போதும். ஸ்பிரே அடித்து மேலே மெட் போடுகிறவர்களும் உண்டு, கையில் காசு இருந்தால் எனக்குப் பிடித்தது அதுதான்.

அளவெடுக்காமல், வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போகாதீர்கள். டபுள் கெப்பின் தொட்டி ஏறக்குறைய 5 அடி நீளம், சிங்கிள் கெப் என்றால் 7 அடிக்கும் மேல். உள் நீளம், அகலம், சக்கர மேடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி மூன்றையும் எழுதி, வண்டியின் மொடலையும் வருடத்தையும் சொல்லுங்கள். மேலே கெனப்பி (தொட்டியை மூடுகிற கூடு) போட்டிருந்தால் விளிம்புக்குக் கீழே நிற்கிற லைனர்தான் சரிவரும். ஸ்குரூ அடிக்காமல் கிளிப்பில் நிற்கிறதா என்று கேளுங்கள். துளை போடத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு துளையின் விளிம்புக்கும் பெயின்ட் தொட்டுவிட்டு ஸ்குரூவை இறக்கச் சொல்லுங்கள். பொருத்தி முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள். முதலில் குறித்து வைத்த ஓட்டைகளால் வடிகிறதா என்று குனிந்து பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ஜெனரேட்டருக்குக் கானோடு வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிளாஸ்டிக் லைனரின் மேல் கானை வைத்தபடி பெற்றோல் நிரப்பக்கூடாது. நிரப்பும்போது உண்டாகிற நிலைமின் நிலத்துக்கு இறங்க வழியில்லாமல் கானிலேயே தேங்கும், குழாய் முனை கிட்ட வரும்போது ஒரு பொறி பறந்தால் ஆவி பற்றிக்கொள்ளும். கானைத் தரையில் இறக்கி வைத்து, குழாய் முனை கானின் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்பி, மூடியை இறுக்கிய பிறகு தொட்டியில் ஏற்றுங்கள்.