வைக்கோலை வறுத்து அனல்மின் நிலையத்துக்கு விற்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

நவம்பரில் தில்லி வானம் மங்கத் தொடங்கினால் போதும், மயூர் விஹார், ஆர்.கே.புரம் பக்கத்து நம்மாட்களின் வாட்ஸாப் குழுக்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயலிலேயே கொளுத்துகிற வைக்கோலை வாங்கி, வறுத்து, பெல்லட்டாக்கி (அழுத்திச் சிறு உருளைக் கட்டிகளாக்கி) தாத்ரி, ஜஜ்ஜர் அனல்மின் நிலையங்களுக்கு அனுப்பினால் என்ன? யோசனையில் தப்பில்லை. தாத்ரியில் அரசு மின் நிறுவனமான என்டிபிசி 2017-லேயே பயோமாஸை, அதாவது பயிர்க்கழிவு போன்ற தாவர எரிபொருளை, நிலக்கரியோடு கலந்து எரித்துப் பார்த்துவிட்டது. மின் அமைச்சகம் தன் 2021 பயோமாஸ் கொள்கைக்கு 2023-இல் கொண்டுவந்த திருத்தம் 2024-25 முதல் 5 சதவீதம், அடுத்த ஆண்டிலிருந்து 7 சதவீதம் கலக்கச் சொன்னது. வாங்க ஆள் இருக்கிறது, சரி. ஆனால் பணம் போட வருபவர்களில் பலர், வறுத்துவிட்டால் வைக்கோல் நிலக்கரி ஆகிவிடும் என்று நம்பி வருகிறார்கள். ஆகாது. மற்ற தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இந்த வறுப்புக்குப் பெயர் டாரிஃபாக்ஷன், அதாவது வைக்கோலை ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத கலனுக்குள் 200 முதல் 300 டிகிரி செல்சியஸில் அரைமணி, ஒருமணி நேரம் வைப்பது. நாரைப் பிணைக்கும் ஹெமிசெல்லுலோஸ் சிதைந்து வாயுவாகப் போகும், நார் உடையும், ஈரம் குடிக்கும் குணம் குறையும். எடையில் சுமார் 70 சதவீதம் மிஞ்சும், வெப்ப ஆற்றலில் சுமார் 90 சதவீதம் மிஞ்சும். வறுக்காத பெல்லட், நிலக்கரியைப் பொடியாக்கும் மில்லில் நார் நாராக நசுங்கிக் கிடக்கும் இடத்தில் வறுத்தது பொடியாகிறது, இதுதான் உண்மையான ஆதாயம். காபிக்கொட்டை மாதிரிதான், கொஞ்சம் கூடுதலாக வறுத்தால் கையில் மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும்.

சாம்பல் விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நெல் வைக்கோலில் சாம்பல் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோ உலர்ந்த வைக்கோல் எழுபது கிலோ ஆகிறது, ஆனால் அந்தப் பதினைந்து கிலோ சாம்பல் எங்கும் போவதில்லை. இப்போது அது 21 சதவீதம். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, பெல்லட் அச்சைத் தேய்த்துத் தள்ளும். கூடவே இருக்கும் பொட்டாசியமும் அநேகமாக அப்படியே தங்கிவிடும், குளோரினில் மட்டும் ஒரு பங்கு வாயுவோடு வெளியேறும். பாய்லர்காரர் பயப்படுவது இந்த இரண்டுக்கும்தான்: பொட்டாசியம் சாம்பலைச் சீக்கிரம் இளக வைத்துக் குழாய்களில் ஒட்ட வைக்கும், குளோரின், நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களை அரிக்கும். வறுப்பு இதற்கு மருந்தே இல்லை. மழையில் நனைந்து அலசப்பட்டுப் பிறகு காய்ந்த வைக்கோலில் இவை குறைவாக இருக்கும். முடிந்தால் பருத்திமார் (பருத்திச் செடியின் காய்ந்த தண்டு), கடுகுத் தண்டு என்று கலந்து ஓட்டுங்கள். வைக்கோல் மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

அடுத்தது, டெண்டரைப் படிக்காமல் ஒப்புக்கொள்வது. எந்த யூனிட்டில் எந்த வகை மில் என்று முதலில் கேளுங்கள். பவுல் மில் (கிண்ணத்தில் உருளைகள் நசுக்கும் வகை) இருக்கும் இடத்தில் சிறிய அளவுக்கு வறுக்காத பெல்லட்டே போதும், அங்கே போய் விலை கூடிய சரக்கை யார் வாங்குவார்? பால் அண்ட் டியூப் மில்லுக்கு (சுழலும் உருளைக்குள் இரும்புக் குண்டுகள் அரைக்கும் வகை) வறுத்த பெல்லட்தான் வேண்டும் என்று 2021 கொள்கை சொன்னது, ஆனால் அதிலேயே எளிதில் ஆவியாகும் பொருள் 22 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வழக்கமான வறுப்பில் அது 50 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும். 22-க்கு இறக்க வேண்டுமென்றால் கரியாக்கும் அளவுக்குச் சூடேற்ற வேண்டும், மேலே சொன்ன 70 சதவீதக் கணக்கு அங்கே செல்லாது. என்னைக் கேட்டால், அந்த எண்ணை எட்டுவதாகச் சொல்லும் இயந்திர விற்பனையாளரிடம் உங்கள் வைக்கோலையே கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

அளவையும் மறந்துவிடுகிறார்கள். 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழுச்சுமையில் நாளொன்றுக்குச் சுமார் 8,000 டன் இந்திய நிலக்கரி தின்னும். ஐந்து சதவீதம் என்றால் 400 டன். அதற்கு உலர்ந்த வைக்கோல் 570 டன்னுக்கு மேல், ஈரத்தைச் சேர்க்காமல், தினமும். வைக்கோலோ வருடத்தில் ஒருமுறை, நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம் மட்டும் கிடைக்கும். அந்த நேரத்தில் வைக்கோலைக் கட்டாகக் கட்டும் பேலர் இயந்திர வாடகைக்கு எல்லோரும் அலைவார்கள். மீதி மாதங்களுக்குப் போர் போட்டு வைக்க நிலமும் தீத்தடுப்பும் வேண்டும். இந்தச் செலவு இல்லாத திட்ட அறிக்கையை ரியாக்டர் (வறுக்கும் கலன்) படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

வறுக்கும்போது வரும் வாயுவையே எரித்து ரியாக்டருக்குச் சூடு கொடுக்கலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் வைக்கோல் ஈரமாக வந்தால் உலர்த்துவதற்கே அந்தச் சூடு போதாது. அந்த வாயு செல்லும் குழாயில் எங்காவது குளிர்ந்த வளைவு இருந்தால் தார் படிந்து கறுப்புப் பிசினாக அடைத்துக்கொள்ளும், அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்ட வேண்டியதுதான். அதிகம் வறுத்தால், பெல்லட்டைப் பிடித்து வைக்கும் இயற்கைப் பசையான லிக்னினின் ஒட்டும் தன்மையும் போய்விடும். பெல்லட் விரலில் நசுக்கினாலே உதிர்ந்து கறுப்புப் பொடி ஒட்டும், அந்தப் பொடி காற்றில் பறந்தால் ஒரு பொறி போதும் வெடிக்க. சூடு ஆறாமல் குவித்தாலும் தீ உறுதி. வறுக்காத மரப் பெல்லட்டிலேயே இங்கிலாந்தின் டில்பரி அனல்மின் நிலையக் கிடங்கு 2012 பிப்ரவரியில் தீப்பிடித்தது.

கண்ணாடி டம்ளர் வித்தையில் மயங்காதீர்கள். வறுக்காத பெல்லட் தண்ணீரில் கரைந்து கஞ்சியாகும், வறுத்தது கல் மாதிரி நிற்கும், பார்ப்பவர் உடனே காசோலையை எடுப்பார். அரைமணி நேரச் சோதனை அது. ஒரு பருவமழை முழுக்க வெட்டவெளியில் கிடந்தால் வறுத்ததும் விரிசல் விட்டு உப்பி உதிரும். கூரை போடுங்கள்.

கடைசியாக விலை. டன்னுக்கு எவ்வளவு என்று பேரம் பேசாதீர்கள், வாங்குபவர் பார்ப்பது ஆயிரம் கிலோகலோரிக்கு எவ்வளவு என்றுதான். கலோரி மதிப்பு உலர்ந்த நிலைக்கா, லாரியில் வந்து சேர்ந்த நிலைக்கா, மாதிரியை லாரியின் மேல்பரப்பில் எடுப்பார்களா நடுவிலிருந்தா, சர்ச்சை வந்தால் எந்த ஆய்வகம் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வழியில் மழை பிடித்தால் மேலே கிடப்பதுதான் முதலில் நனையும், மாதிரி எடுப்பவரின் கையும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.