பழ ஈ முளையத்தின் நரம்புக்கலங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆய்வில் முடிவு பிழைப்பது பெரும்பாலும் நுணுக்குக்காட்டியில் அல்ல, அதற்கு முன்பே ஈ வளரும் குப்பியில்.

வன்னி வெயிலில் இருந்தே தொடங்கலாம். 25 பாகையில் முட்டையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் புழு வெளிவரும். 18 பாகையில் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கிளிநொச்சியில் சித்திரை மாத மதியம் கரண்ட் போய், ஏசி நின்று, அறை 33 பாகைக்கு ஏறினால், கொப்பியில் எழுதிய ‘முட்டையிட்டு 14 மணித்தியாலம்’ வீண். மாறாக அறை குளிர்ந்தால், வளர்ச்சி பிந்திய முளையத்தில் இன்னும் போய்ச் சேராத அக்சனை (நரம்புக்கலத்தின் நீண்ட இழையை) ‘வழி தவறிய அக்சன்’ என்று எழுதிவிடுவார்கள். மணிக்கூட்டை விட்டுவிட்டு உருவத்தைப் பாருங்கள்: நடுக்குடலில் இறுக்கங்கள் விழுந்தனவா, தலை உள்வாங்கியதா, நரம்பு நாண் சுருங்கத் தொடங்கியதா?

அடுத்தது, உருக்குலைந்ததெல்லாம் விகாரி (மரபணு மாறியது) என்று எடுப்பது. விகாரப் பிரதி இரண்டும் உள்ளவை காற்பங்குதான். சமநிலை நிறமூர்த்தம் (விகாரப் பிரதி கைவிட்டுப் போகாமல் காக்கும் துணை நிறமூர்த்தம்) இரட்டையாக வந்தவையும் பிழைக்காது. அந்த நிறமூர்த்தத்தில் லாக்‌ஸெட் என்ற, நிறமூட்டினால் தெரியும் அடையாள மரபணு உள்ள ஈ வழியை (வம்சத்தை) எடுத்தால், நிறமேறாதவையே விகாரி. ஒப்பீட்டுக்கு அதே குழாயில் நிறமூட்டிய உடன்பிறப்புகள் போதும். விகாரிகளும் இயல்பாகத் தெரிகின்றனவா? அப்படியானால், தாய் முட்டைக்குள் வைத்த புரதம் குறையை மறைக்கிறதா என்று யோசியுங்கள்.

புரதம் தெரியும் இடத்திலேதான் அது உருவானது என்பது இன்னொரு தவறு. அக்சன்களை விலக்கும் ஸ்லிட் புரதத்தை நரம்பு நாணின் நடுக்கோட்டில் உள்ள கிளியாக் கலங்கள் (நரம்புக்கலங்களின் துணைக் கலங்கள்) சுரக்கும். அக்சன்களின் மேலும் அது தெரியும். அக்சனில் ஸ்லிட்டை உணரும் ஏற்பிப் புரதமான ரோபோ இதற்கு மறுபக்கம். நடுக்கோட்டைக் கடக்கும் கலத்தில் ரோபோவின் தூது ஆர்என்ஏ இருக்கும், அக்சனின் கடக்கும் துண்டில் புரதம் மிகக் குறைவு. கொம் புரதம் அதை அக்சன் மேற்பரப்புக்குப் போகவிடாமல் தடுக்கிறது. கொம் இல்லாவிட்டால் ஒரு அக்சனும் கடக்காது. ரோபோ இல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கடக்கும். ஆர்என்ஏயை மட்டும் பார்த்து எழுதினால் கதையே மாறிவிடும்.

நிறம் ஏறவில்லையா? ‘புரதம் இல்லை’ என்று எழுதமுன் முளையத்தைச் சுற்றிய உள்மென்சவ்வு கழன்றதா என்று பாருங்கள். மெதனோலில் குலுக்கும்போது அடியில் படிந்தவற்றை மட்டும் எடுங்கள். மிதப்பவற்றுள் பிறபொருளெதிரி (புரதத்தில் ஒட்டி அதைக் காட்டுவது) நுழையாது. ஆனால் அக்டின் இழைகளைக் காட்டும் ஃபலோய்டினுக்கு மெதனோல் ஆகாது.

அப்புறம், பாலைப்பழக் காலத்தில் குப்பியின் பஞ்சை இறுக்கி வையுங்கள். வெளி ஈ ஒன்று புகுந்தாலே வழி கலந்துவிடும்.